தலைவிதியும் சாலைவிதியும்

சென்ற ஆண்டு ஷஃபான் மாதத்துக் கடைசியில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய நம் ஊர்களுள் ஒன்றில் ஒரு ஜனாஸாவில் கலந்துகொள்ள நேர்ந்தது. இறந்தவன் பதினாறு வயதுப் பிள்ளை. சுபுஹுத் தொழுகையை ஜமாஅத்தோடு தொழுதுவிட்டு, தோழர் இருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, தேநீர் குடிக்கப் பக்கத்து ஊருக்குப் புறப்பட்டிருக்கிறான். வளைகுடா நாடொன்றில் வேலை பார்க்கும் அத்தா அனுப்பிய பணத்தில் வாங்கிய புது மோட்டார் சைக்கிள். விடிந்தும் விடியாத வேளை. எதிரே மொபெட்டில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்த முதியவர் ஒருவர்மீது மோதித் தானும் தூக்கியெறியப்பட்டான். தோழர்கள் சிராய்ப்போடு தப்பினர். அவன் தலை தார்ச்சாலையில் மோதியது. அறந்தாங்கிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து புதுக்கோட்டைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. வண்டி வாங்கியபோது கடைக்காரர் சட்டப்படி கொடுத்த தலைக்கவசம், நெகிழிப் பைகூடப் பிரிக்கப்படாமல் அவன் வீட்டுப் பரணில் இருந்ததைப் பின்னர் கண்டேன்.

விமானம் ஏறி வந்து சேர்ந்த தந்தை, பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அல்லாஹ் எழுதியது அவ்வளவுதான்" என்றார். அந்தச் சொல்லுக்கு முன்னால் யாரும் தலை வணங்கத்தான் வேண்டும். பெற்றவர் நாவிலிருந்து வரும்போது அது ஈமான். ஆனால் அதே சொல்லை அன்று பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்த இருபது முப்பது பேர் ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். நஸீபு என்றார் ஒருவர். விதி என்றார் மற்றொருவர். வெற்றிலையை மடித்துக்கொண்டே, அவனவனுக்கு எழுதிய நாள் வந்தால் வீட்டுக்குள் படுத்திருந்தாலும் போகவேண்டியதுதானே என்றார் இன்னொருவர். அவர்கள் சொன்னதை ஈமான் என்று ஒப்புக்கொள்ள என் மனம் இடம் தரவில்லை. அவர்களுள் பலருடைய பிள்ளைகள் அதே வயதில், அதேபோல் மூவராய் ஏறிக்கொண்டு, அதே சாலையில் நாளையும் போகப் போகிறவர்கள். அதைத் தடுக்கவேண்டிய பொறுப்பைக் கழற்றி அல்லாஹ்வின்மீது வைத்துவிட்டு எழுந்துபோகும் வசதியான வழியாகவே அந்தச் சொல் அன்று அங்கே பயன்பட்டது.

நம் தமிழில் ஒரு விந்தை உண்டு. படைத்தவன் வகுத்ததையும் விதி என்கிறோம்; அரசாங்கம் வகுத்ததையும் விதி என்கிறோம். சாலைவிதியை மீறியவன் தலைவிதியால் மாண்டான் என்று ஒரே மூச்சில் சொல்லி நெஞ்சை ஆற்றிக்கொள்ள இந்த மொழி இடம் தருகிறது. மார்க்கம் இடம் தருகிறதா என்பதே என் கேள்வி.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் பயணம் போனபோது நிகழ்ந்ததை நம் ஆலிம் பெருமக்கள் நன்கறிவர். ஸர்க் என்னும் இடத்தை அடைந்தபோது, முன்னே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. உமர் (ரலி) முஹாஜிர்களைக் கலந்தார், அன்சாரிகளைக் கலந்தார், குறைஷி முதியவர்களைக் கலந்தார், பின்பு திரும்பிப்போக முடிவெடுத்தார். அல்லாஹ்வின் கத்ரிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று கேட்டவர் சாமானியரல்லர். அபூ உபைதா (ரலி). அதற்கு உமர் (ரலி) தந்த விடையின் சாரம், அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து அவனுடைய இன்னொரு கத்ருக்கே போகிறோம் என்பது. ஒருபுறம் செழித்தும் மறுபுறம் வறண்டும் கிடக்கும் பள்ளத்தாக்கில் ஒட்டகம் மேய்ப்பவனை உவமை காட்டி, எந்தப் புறத்தில் மேய்த்தாலும் அல்லாஹ்வின் கத்ருக்குள்தானே மேய்க்கிறான் என்றும் விளக்கினார். தலைக்கவசம் அணிந்தவனும் கத்ருக்குள்தான் போகிறான். அணியாதவனும் கத்ருக்குள்தான் போகிறான். எந்தப் புறத்தில் மேய்ப்பது என்று தேர்வது மேய்ப்பவன் கையில் இருக்கிறது. அபூ உபைதா (ரலி) பின்னர் அம்வாஸ் கொள்ளைநோயில் மறைந்தார்கள் என்பதையும் வரலாறு எழுதி வைத்திருக்கிறது.

கத்ரைச் சொல்லாதவர்கள் உரிமையைச் சொல்கிறார்கள். படித்த இளைஞர்களின் வாதம் இது: "விழுந்தால் என் தலைதானே உடையும்? அதற்கு அரசாங்கம் ஏன் கவலைப்பட வேண்டும்?" கேட்கும்போது நியாயமாகவே தோன்றும். இதையே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவரும் உண்டு. நம் அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவு நாடெங்கும் தடையின்றி நடமாடும் உரிமையைக் குடிமகனுக்குத் தருகிறது. தலைக்கவசம் கட்டாயம் என்ற ஆந்திர மாநில விதி அவ்வுரிமையைப் பறிக்கிறது என்று அஜய் கானு என்பவர் வழக்குத் தொடுத்தார். 1988இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது. நடமாட்டத்தை யாரும் தடுக்கவில்லை, நடமாடுகிறவனின் தலையைக் காக்கவே விதி என்பதே தீர்ப்பின் போக்கு. அமெரிக்காவிலோ இந்த வாதம் வென்றது. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் நெருக்குதலால் மாநிலங்கள் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கின. 1976இல் அந்த நெருக்குதல் விலக்கப்பட்டதும், சுதந்திரத்தின் பெயரால் பல மாநிலங்கள் சட்டத்தைக் கைவிட்டன. அவற்றில் மரணங்கள் ஏறின. தலைக்கவசம் அணிந்தால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காயம் படும் வாய்ப்பு 69 விழுக்காடும் குறையும் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவர்கள் கணித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

நம் நாட்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். மத்திய அரசின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் தலைக்கவசம் அணியாமல் மாண்டவர் 50,029 பேர். அதிலும் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். பின்னால் அமர்ந்தோர் யார்? பெரும்பாலும் மனைவியர், தாயர், தங்கையர், தோழர்கள். ஓட்டுகிறவனின் உரிமை என்று பேசப்படுவதில் இவர்களுடைய தலையும் அடங்கியிருக்கிறது. அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் பெற்ற மாநிலம் நம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள்.

"என் தலைதானே" என்பவனுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை கூறிவிட்டார்கள். புகாரியில் பதிவாகியுள்ள கப்பல் உவமையைத்தான் சொல்கிறேன். சீட்டுக் குலுக்கிப் போட்டுச் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் இடம் பெற்றனர். கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே ஏறி மற்றவர்களைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது. நம் பங்கில் நாமே ஓர் ஓட்டை போட்டுக்கொண்டால் மேலே உள்ளவர்களுக்குத் தொல்லை இராதே என்று அவர்கள் எண்ணினர். அவர்களுடைய நோக்கத்தைக் கவனியுங்கள்: அதில் தீமை இல்லை, மற்றவர்க்கு இடையூறு கூடாது என்ற நல்லெண்ணம்கூட இருந்தது. ஆயினும் அவர்களை விட்டுவிட்டால் அனைவரும் மூழ்குவர். கையைப் பிடித்துத் தடுத்தால் அனைவரும் பிழைப்பர் என்றே பெருமானார் (ஸல்) கூறினார்கள். கடலோடும் மக்களாகிய நமக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்லக்கூடும்? ஓட்டை போட்டவனின் பங்கு எங்கே முடிகிறது, அடுத்தவனின் பங்கு எங்கே தொடங்குகிறது என்று தண்ணீர் கேட்பதில்லை.

சாலையும் அப்படித்தான். 2023 டிசம்பர் 30 அன்று, நம் புதுக்கோட்டை மாவட்டத்து நமணசமுத்திரத்தில், சாலையோரத் தேநீர்க் கடைக்குள் ஒரு லாரி பாய்ந்து, அங்கே இளைப்பாறிக்கொண்டிருந்த யாத்திரிகர் ஐவர் மாண்டனர். அவர்கள் எந்த விதியையும் மீறியவர்களல்லர், சாலையில்கூட இல்லை. லாரி ஓட்டுகிறவனைப் பழிக்க நம் நா சட்டென்று எழும். மூவரை ஏற்றிக்கொண்டு பறக்கும் நம் பிள்ளையும் நடந்து போகிறவனுக்கு ஒரு லாரியே என்பதை மட்டும் நினைப்பதில்லை.

இனி நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு வாதத்துக்கு வருகிறேன். சட்டம் தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விலக்கு அளிக்கிறதே. தொப்பி அணியும் நமக்கும் பர்தா அணியும் நம் பெண்களுக்கும் ஏன் அளிக்கக்கூடாது என்று ஒரு கூட்டத்தில் என்னிடமே கேட்டார் ஒரு நண்பர். கைதட்டலும் கிடைத்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவில் அந்த விலக்கு இருப்பது உண்மை. பிரிட்டனிலும் 1976இல் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றினார்கள். ஆனால் சீக்கியர் தலைப்பாகையை எடுத்துவிட்டு வேறொன்றை அணிவது அவர்கள் சமய நெறிக்கு ஒவ்வாது. அதன்மேல் கவசம் அமரவும் அமராது. நம் தொப்பியோ கவசத்தின் அடியில் அடக்கமாக இருக்கும். பையில் வைத்துப் பள்ளிவாசலில் எடுத்து அணிந்தாலும் எந்த ஃபிக்ஹு நூலும் குறை சொல்லாது. பெண்களின் முக்காட்டின்மேல் கவசம் அணிவதற்கும் தடை ஏதுமில்லை. தலையை மறைக்கச் சொன்ன மார்க்கத்தைக் காட்டித் தலையைக் காக்க மறுப்பது என்ன நியாயம்? தலைநகர் தில்லியில் 1999இல் பெண்கள் அனைவருக்கும் விருப்பம்போல் என்று சலுகை தந்தார்கள். பதினைந்து ஆண்டுகள் அந்தச் சலுகையை அனுபவித்த பிறகு, 2014இல் சீக்கியப் பெண்கள் நீங்கலாக மற்றவர்க்கு அதைத் திரும்பப் பெறவேண்டியதாயிற்று. இத்தகைய சலுகை கேட்டு நாம் மனுக் கொடுக்க வேண்டாம், தயவுசெய்து.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குச் சுடும். நாம் குடிப்பதில்லை என்ற பெருமை நமக்கு உண்டு. அது உண்மையான பெருமையும்கூட. விபத்து என்றதும் மதுக்கடையைச் சுட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். ஆனால் உரிமம் இல்லாத பதினாறு வயதுப் பையன் எதையும் குடிக்காமலே போதையில் இருக்கிறான். வேகம் என்பது அந்தப் போதை. ஊற்றிக் கொடுத்தவர்கள் நாம்.

அந்தப் பிள்ளையின் அத்தாவை நான் பழிக்கவில்லை. அவர் நம்மெல்லோருக்கும் ஒரு சான்று மட்டுமே. துபாயில் வண்டி ஓட்டுகிற நம்மவர் 24 கரும்புள்ளி சேர்ந்தால் உரிமம் போய்விடும் என்று விரல்விட்டு எண்ணுகிறார். சவூதியில் 2010இல் ஸாஹிர் என்ற கேமரா முறை வந்ததிலிருந்து ஆளில்லாச் சாலையிலும் வேகமுள்ளைப் பார்த்தபடியே ஓட்டுகிறார். சிங்கப்பூரில் இருப்பவரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அங்கெல்லாம் நம் சுதந்திரம் எங்கே போயிற்று? விடுமுறைக்கு வந்து திருச்சி விமான நிலையத்தில் இறங்கி, கீரனூரைத் தாண்டுவதற்குள் இடுப்புவார் கழன்றுவிடுகிறது. அங்கே அபராதத்துக்கு அஞ்சியவர் இங்கே அல்லாஹ்வை நம்புகிறாராம். தவக்குல் என்ற அருமையான சொல்லை இதைவிட மலிவாக யாரும் விற்றதில்லை.

மார்க்கச் சட்டத்தின்படியே இதற்கு விடை உண்டா என்று கேட்போர்க்கு: உண்டு. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் சர்வதேச ஃபிக்ஹு அகாதமி 1993 ஜூன் மாதம் புரூணையில் கூடிய எட்டாம் அமர்வில் இதை ஆராய்ந்தது. ஷரீஅத்துக்கு முரண்படாத போக்குவரத்து விதிகளுக்குக் கட்டுப்படுவது மார்க்கக் கடமை என்றும், வண்டியால் பிறருக்கு விளையும் தீங்குக்கு ஓட்டுகிறவனே பொறுப்பாவான் என்றும், தன்னால் தடுக்கமுடியாத காரணம் முதலிய சில நிலைகளில் மட்டுமே அப்பொறுப்பு நீங்கும் என்றும் அறிஞர்கள் தீர்மானித்தார்கள். கடமை என்று அவர்கள் சொன்னதைத்தான் நாம் காவலர் தொல்லை என்று பெயரிட்டு வைத்திருக்கிறோம்.

நாட்டுச் சட்டமும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-அ பிரிவைப் பெற்றோர் ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும். பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் குற்றவாளி பெற்றோரும் வண்டியின் உடைமையாளருமே. மூன்றாண்டு வரை சிறை. 25,000 ரூபாய் அபராதம். ஓராண்டுக்கு வண்டியின் பதிவு ரத்து. பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுவரை உரிமம் இல்லை. காப்பீடு இருக்கிறதே என்று நினைப்பவர்கள், உரிமம் இல்லாதவன் ஓட்டினால் காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உடைமையாளரிடம் வசூலித்துக்கொள்ள வழியிருக்கிறது என்பதை அறிந்திருப்பது நல்லது. பாலைவனத்தில் பத்தாண்டு உழைத்துச் சேர்த்தது ஒரே வழக்கில் போய்விடும்.

எதிர்த்தரப்பில் உண்மை இல்லையென்று நான் சொல்லமாட்டேன். காவலர்கள் வளைவில் மறைந்துநின்று பாய்வதும், மாதக் கடைசியில் வேட்டை சூடுபிடிப்பதும் எல்லோரும் அறிந்தவை. நாள்கூலிக்குப் போகிறவனிடம் கவசம் இல்லையென்று 1,000 ரூபாய் கேட்பது, அவன் வீட்டு அடுப்பை இரண்டு நாள் அணைப்பதாகும். விளக்கில்லாத சந்திப்புகளும், வண்ணம் பூசாத வேகத்தடைகளும், தோண்டிவிட்டு மூடாத பள்ளங்களும் அரசாங்கத்தின் கணக்கில் எழுதப்படவேண்டியவை. சட்டத்தை இறுக்குவதும் தளர்த்துவதுமாக ஆட்சியாளர்கள் விளையாடியதும் உண்டு. 2007 ஜூனில் தலைக்கவசம் கட்டாயம் என்றார்கள். சில நாளில் கெடுபிடி குறைந்தது. மறுபடி நீதியரசர் கிருபாகரன் ஆணையிட்டபின் 2015 ஜூலை 1 முதல் கட்டாயம் என்றார்கள். அப்போது கடைகளில் கவசம் கிடைக்காமல் மக்கள் அலைந்தார்கள், விலை ஏறியது, தரமற்ற சரக்கும் தெருவில் குவிந்தது. இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகும், காவலர் கையூட்டு வாங்குவதால் தார்ச்சாலை மென்மையாகிவிடுவதில்லை. காவலரை ஏய்ப்பதற்காகச் சந்துவழியே போகிறவன் ஏய்ப்பது தன் மண்டையோட்டைத்தான்.

திரும்பவும் அந்த ஜனாஸாவுக்கே வருகிறேன். தொழுகைக்கு முன் நம் வழக்கப்படி, இறந்தவரோடு யாருக்கேனும் கொடுக்கல் வாங்கல் இருந்தால் வாரிசுகளிடம் பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். கடைக்காரர் ஒருவர், பையன் தரவேண்டிய சிறு தொகையை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். எல்லோரும் நெகிழ்ந்தார்கள். அதே நேரத்தில் புதுக்கோட்டை அரசு மருத்துவமனையில் தொடையெலும்பு முறிந்து கிடந்தார் அந்த மீன்காரர். அவர் நம் சமுதாயத்தவர் அல்லர். அவருக்குத் தரவேண்டிய கடனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஹக்குல் இபாத் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அடியார்களின் உரிமையை அடியார்களே மன்னித்தாலன்றி இறைவனும் மன்னிப்பதில்லை என்று பயான் செய்கிறோம். ஷஹீது படித்தரம் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கட்டும் என்று துஆ கேட்ட நமக்கு, அந்தப் பிள்ளையின்மீது ஒரு முதியவரின் முறிந்த கால் கடனாக இருக்கிறது என்பது தோன்றவில்லை. உயிர்பறிபோன தவறுக்குக்கூடத் திய்யத்தும் கஃப்பாராவும் விதித்த மார்க்கம் நம்முடையது. தவறி நிகழ்ந்தது என்பதால் பொறுப்பு அற்றுப்போகும் என்று அது ஒருபோதும் கூறவில்லை.

நல்லடக்கம் முடிந்ததும் முத்தவல்லி ஐயா அவர்களை அணுகினேன். அவர் நல்லவர், என் தகப்பனார் காலத்துப் பழக்கம். இரண்டே இரண்டு கேட்டேன். பதினெட்டு வயதாகாத பிள்ளைகள் வண்டியில் பள்ளிவாசலுக்கு வரக்கூடாது என்று அறிவிப்புப் பலகையில் எழுதி, ஜும்ஆவில் இமாமையும் ஒருமுறை சொல்லச் செய்யுங்கள் என்றேன். மீன்காரரின் வைத்தியச் செலவுக்கு ஜமாஅத் சார்பில் நாலு பேர் போய்ப் பார்த்து வாருங்கள் என்றேன். அரசாங்கம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருவதாகக் கேள்வி, அது போதாதா என்றார். 2021 டிசம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம் உயிரைக் காப்பதற்கு; கால் கூடும் வரை மீன் விற்காத வீட்டுக்கு உலை வைப்பதற்கு அன்று என்றேன். சற்று யோசித்தார். நோன்பு நெருங்கிவிட்டது, பெருநாள் கழித்துக் கமிட்டியில் வைக்கிறேன் தம்பி என்றார்.

நோன்புப் பெருநாள் கழிந்தது. ஹஜ்ஜுப் பெருநாளும் கழிந்தது. முஹர்ரம் பிறையில் ஒரு நிக்காஹுக்காக அந்த ஊருக்கு மறுபடியும் போனேன். பள்ளிவாசல் வாயிலில் வரிசையாக நின்ற மோட்டார் சைக்கிள்களில் தலைக்கவசம் மாட்டியிருந்தவை இரண்டு. அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரங்களும், அதன்கீழே புதிதாக ஒட்டிய ஒரு தாளும் இருந்தன. ஆவலோடு கிட்டப்போய்ப் படித்தேன். சந்தா பாக்கி வைத்திருப்போர் பட்டியல்.